குறிகட்டுவானில் காத்திருக்கும் குருதிக் குழாய்: தீவகமும் காசநோய்ப் பரிசோதனையும்

எடுக்கப்பட்ட குருதிக்குப் பதினாறு மணித்தியால அவகாசம் உண்டு. அதற்குள் அது 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைக்கப்பட வேண்டும். அதுவரை 17 பாகைக்குக் குறையாமலும் 27 பாகையைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். அந்தக் குழாயைக் குளிரூட்டியில் வைக்கக் கூடாது. உடலுக்குள் பதுங்கியிருக்கும் காசநோய்த் தொற்றைக் கண்டறிய உலகின் பல நாடுகளில் பயன்படும் 'குவான்டிஃபெரோன்' என்ற குருதிப் பரிசோதனையின் கையேட்டில் உள்ள நிபந்தனைகள் இவை. வைத்தியசாலையின் மேல்மாடியிலேயே ஆய்வுகூடம் இருக்கும் ஊரை நினைத்து எழுதப்பட்டவை. நெடுந்தீவை நினைத்து எவரும் எழுதவில்லை.

நெடுந்தீவு வைத்தியசாலையில் காலை ஒன்பது மணிக்கு ஒருவரிடம் குருதி எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குழாய் இறங்குதுறைக்கு வர வேண்டும். படகு குறிகட்டுவானை அடைய ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, அல்லைப்பிட்டி, பண்ணைப் பாலம் வழியாக யாழ் நகருக்கு இன்னொரு மணித்தியாலம். கணக்குப் போட்டால் பதினாறு மணித்தியாலம் தாராளம். ஆனால் தீவார் எவரும் இந்தக் கணக்கை நம்பமாட்டார்கள். சோளகக் காற்று எழும்பினால் படகு இல்லை. படகு வந்தாலும் பேருந்து போய்விட்டிருக்கும். வெள்ளிக்கிழமை எடுத்த குருதியைச் சனிக்கிழமை பொறுப்பேற்க ஆள் வேண்டும். எல்லாம் சரியாக நடந்தாலும், சித்திரை வெயிலில் படகின் பலகையில் ஒரு மணித்தியாலம் இருக்கும் பெட்டிக்குள் 27 பாகையைக் காப்பது லேசான காரியம் அல்ல.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்டால், அந்தக் குழாய்க்குள் இருப்பவை உயிருள்ள கலங்கள். பரிசோதனை அவற்றிடம்தான் கேள்வி கேட்கிறது.

மாட்டுக்காக வந்த பரிசோதனை

காசநோய்க் கிருமி ஒருவரின் உடலுக்குள் நுழைந்தால் அவர் நோயாளியாகிவிடுகிறார் என்றில்லை. பெரும்பாலானோரில் நிர்ப்பீடனத் தொகுதி அதைச் சுற்றி வளைத்து அடக்கி வைத்துவிடும். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, மற்றவருக்குத் தொற்றாது. இதைத்தான் மறைந்திருக்கும் தொற்று என்கிறார்கள். இப்படித் தொற்றியவர்களில் பத்தில் ஒருவர் வரையில் வாழ்நாளில் எப்போதாவது நோயாளியாகலாம். அந்த ஆபத்து தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளில்தான் மிக அதிகம். பிறகு குறைந்துவிடும், ஆனால் இல்லாமல் போவதில்லை. நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு, எச்.ஐ.வி., நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துகள், நீண்டகாலப் பட்டினி ஆகியவை அதை எழுப்பிவிடக் கூடியவை.

தூங்கும் கிருமி சளியில் வராது, மார்பு எக்ஸ்ரேயிலும் தெரியாமல் போகலாம். ஆனால் அதை ஒருமுறை சந்தித்த ரி-கலங்கள் அதை மறப்பதில்லை. மறுபடி அந்தக் கிருமியின் புரதத்தைக் கண்டால், மற்றக் கலங்களுக்கு எச்சரிக்கை கொடுக்க ஒரு சமிக்ஞைப் புரதத்தை வெளியிடும். அதன் பெயர் இன்டர்பெரோன்-காமா. குருதியை எடுத்து, கிருமிக்கே உரிய ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற இரண்டு புரதங்களின் துணுக்குகளோடு சேர்த்து, உடல் வெப்பத்தில் 16 முதல் 24 மணித்தியாலம் வைத்திருந்தால், பழைய பகை உள்ள கலங்கள் இன்டர்பெரோன்-காமாவைச் சுரக்கும். பகை இல்லாதவை சும்மா இருக்கும்.

இனி அந்தச் சமிக்ஞையை அளக்க வேண்டும். அது மிகச் சிறிய அளவு. ஒரு கிராமை இலட்சம் கோடித் துணுக்குகளாகப் பிரித்தால், ஒரு மில்லிலீற்றரில் அப்படிப் பத்து இருபது துணுக்குகள் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. எந்த நுணுக்குக்காட்டியிலும் அது தெரியாது. இங்குதான் ஆய்வுகூடப் பிறபொருளெதிரி வருகிறது. (பாடசாலையில் நாங்கள் படித்த சொல் இது. தமிழ்நாட்டில் எதிர்ப்பான் அல்லது எதிர்ப்பொருள் என்பார்கள்.) 1975இல் கேம்பிரிஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகைப் பிறபொருளெதிரியை முடிவில்லாமல் சுரக்கும் கலங்களை உருவாக்கும் வழியைக் கண்டார்கள். எலியின் நிர்ப்பீடனக் கலத்தைப் புற்றுநோய்க் கலத்தோடு இணைப்பது அந்த வழி. 1984இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்டர்பெரோன்-காமாவைப் பிடிக்கும் பிறபொருளெதிரி ஒன்றைச் சிறு கிண்ணங்களின் அடியில் பூசி வைப்பார்கள். அதில் புரதம் ஒட்டிக்கொண்டதும், புரதத்தின் வேறோர் இடத்தைப் பிடிக்கும் இன்னொரு பிறபொருளெதிரியை ஊற்றுவார்கள். அதன் வாலில் ஒரு நொதியம் கட்டப்பட்டிருக்கும். நொதியம் நிறமற்ற திரவத்தை நிறமுள்ளதாக்கும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ, புரதம் அவ்வளவு. மில்லிலீற்றருக்கு 0.35 அலகைத் தாண்டினால் 'ஆம்'.

இந்த வழி முதலில் மனிதருக்காக வரவில்லை என்பது பலருக்குத் தெரியாத செய்தி. 1980களின் பிற்பகுதியில் ஒஸ்ரேலியாவின் அரச ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ இதை மாடுகளுக்காக உருவாக்கியது. அதற்கு முன் மாடுகளுக்கும் தோல் பரிசோதனைதான். ஊசி போட்டு, மூன்று நாட்களின் பின் அதே மாட்டைத் தேடிப் பிடித்து வீக்கத்தைப் பார்க்க வேண்டும். எல்லையில்லாத மேய்ச்சல் நிலத்தில் ஒரு மந்தையை இரண்டு தடவை மறித்துக் கட்டுவது எவ்வளவு பாடு! குருதிப் பரிசோதனை என்றால் ஒருமுறை பிடித்தால் போதும். 1997இல் ஒஸ்ரேலியா தன் மந்தைகளில் மாட்டுக் காசநோய் இல்லை என்று அறிவித்தது. பிற்பாடு அதே வழி மனிதருக்கு வந்தது. 2000இல் செலஸ்டிஸ் என்ற நிறுவனம் அதைக் கையிலெடுத்தது, 2011இல் அதைக் கியாஜென் வாங்கியது.

இரண்டாம் தடவை திரும்பி வருவது என்பது தீவாருக்கு என்ன என்று யோசித்தால் இந்த மாட்டுக் கதை சிரிப்பாக இருக்காது. எங்களுக்குப் பழக்கமான மன்ரூ தோல் பரிசோதனைக்கும் 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் கையைக் காட்டத் திரும்பி வர வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஊசி போட்டுக்கொண்ட நெடுந்தீவார் அதற்காக இன்னொரு முறை கடல் தாண்ட வேண்டும். ஒரு நாள் கூலி போகும். திரும்பி வராதவரின் பரிசோதனை வீண்.

சந்தேகத்துக்குரிய விடை

மன்ரூவுக்கு வேறொரு குறையும் உண்டு. இலங்கையில் பிறந்தவுடன் பிசிஜி தடுப்பூசி போடுகிறார்கள். மன்ரூவில் பயன்படும் கலவை பிசிஜி கிருமியையும் மண்ணிலும் நீரிலும் வாழும் அதன் தீங்கற்ற உறவுகளையும் காசநோய்க் கிருமியிலிருந்து பிரித்தறியாது. குழந்தைப் பருவத்தில் ஒரு தடவை போட்ட பிசிஜியின் தாக்கம் பத்து ஆண்டுகளில் பெரும்பாலும் மங்கிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நோயாளி ஒருவர் இருக்கும் வீட்டில் முதலில் கவலைப்பட வேண்டியது சின்னப் பிள்ளைகளைப் பற்றித்தான். குழப்பம் வருவதும் அவர்களில்தான். ஈசாட்-6, சிஎஃப்பி-10 ஆகிய இரண்டும் பிசிஜியில் கிடையாது. அதனால் குருதிப் பரிசோதனையின் 'ஆம்' கூடுதல் நம்பிக்கைக்கு உரியது.

பிசிஜியைப் பற்றிப் பேசும்போது கடலுக்கு அப்பால் நடந்த ஒன்றையும் நினைக்காமல் முடியாது. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோரைச் சேர்த்து ஒரு பெரும் ஆய்வு தொடங்கியது. வளர்ந்தவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்ற முடிவு பத்தாண்டுகளின் பின் வந்தபோது உலகமே திகைத்தது. பிள்ளைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுப்பதற்காக இன்றும் அதைப் போடுகிறோம், அது சரியே. ஆனால் 'ஊசி போட்டாயிற்று, இனிச் சயரோகம் வராது' என்ற எண்ணம் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது பிழை.

குவான்டிஃபெரோனில் ஒருவருக்கு நான்கு குழாய்கள். இரண்டில் கிருமியின் புரதத் துணுக்குகள். ஒன்றில் எதுவும் இல்லை. நான்காவதில் எந்த ரி-கலத்தையும் எழுப்பிவிடும் ஒரு பொருள். இந்த நான்காவது குழாய்தான் தீவகத்தின் குழாய் என்பேன். அதில்கூட இன்டர்பெரோன்-காமா வரவில்லை என்றால், கலங்கள் பதில் சொல்லும் நிலையில் இல்லை என்று பொருள். நோயாளியின் நிர்ப்பீடனம் தளர்ந்திருக்கலாம். அல்லது குருதி வெயிலில் காய்ந்திருக்கலாம், தாமதித்திருக்கலாம். அறிக்கையில் 'தீர்மானிக்க முடியவில்லை' என்று எழுதி அனுப்புவார்கள். பிறபொருளெதிரியில் குறை இல்லை. அது தன் வேலையைச் சரியாகச் செய்து, பிடிக்க ஒன்றும் இல்லை என்று சொல்கிறது. நான்காவது குழாய் அடியோடு சாகாமல் பாதி தளர்ந்திருந்தால் இன்னும் மோசம். அப்போது 'இல்லை' என்றே விடை வரலாம். தொற்று உள்ளவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

இந்த இடத்தில் பிறபொருளெதிரிகளின் தரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆராய்ச்சிக்கென விற்கப்படும் பிறபொருளெதிரிகளில் கணிசமானவை தாம் பிடிப்பதாகச் சொல்லும் புரதத்தைப் பிடிப்பதில்லை என்று விஞ்ஞானிகளே பத்தாண்டுகளுக்கு மேலாக முறையிட்டு வருகிறார்கள். அங்கீகாரம் பெற்ற நோயறிதல் பெட்டிகளுக்கு அதைவிடக் கடுமையான சோதனை உண்டு. ஆனால் அங்கீகாரம் என்பது காகிதம். அந்தக் காகிதத்தைப் பார்க்கும் கண் நேர்மையாக இருக்க வேண்டும். இலங்கையில் பிறபொருளெதிரி என்ற விடயம் செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வந்ததே 2023இல் வெடித்த இம்யூனோகுளோபியூலின் விவகாரத்தால்தான். நோயாளிகளின் நாளத்தில் ஏற்றுவதற்காகத் தரமற்ற மருந்து கொள்வனவு செய்யப்பட்டது என்ற குற்றச்சாட்டில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அது சிகிச்சை மருந்து, இங்கு நான் பேசுவது பரிசோதனைப் பெட்டி. இரண்டும் ஒரே அரசின் கொள்வனவு வழியாகத்தான் வருகின்றன.

யாருக்கு இது தேவை?

இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ எட்டாயிரம், ஒன்பதாயிரம் அளவில் காசநோயாளிகள் பதிவாகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு அதைவிடப் பல ஆயிரம் அதிகம். இடையிலுள்ள அந்தப் பல ஆயிரம் பேர் எங்கே? கண்டுபிடிக்கப்படாமல் இருமிக்கொண்டிருக்கிறார்கள். எனவே முதல் வேலை சளிப் பரிசோதனைதான் என்று எவராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, உடல் மெலிவு இருந்தால் அரச வைத்தியசாலையில் இலவசமாகச் சளியைச் சோதிக்கலாம். ஜீன்எக்ஸ்பேர்ட் கருவி இரண்டு மணித்தியாலத்துக்குள் விடை சொல்லிவிடும். சளி மாதிரிக்குப் படகில் வருவது பெரிய சிரமமும் இல்லை, அதில் உயிரோடு இருக்க வேண்டிய ரி-கலம் எதுவும் கிடையாது. இந்தக் குருதிப் பரிசோதனை இருமுகிறவருக்கானது அல்ல. அவருடைய நோய் இது என்று அதனால் சொல்லவும் முடியாது.

அது அவரோடு ஒரே கூரையின் கீழ் படுத்தெழும்பும் பிள்ளைக்கானது. குருதி சுத்திகரிப்புக்காக வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை யாழ்ப்பாணம் போய்வரும் தீவாருக்கானது. மூட்டுவாதத்துக்காக, நிர்ப்பீடனத்தின் இன்னொரு சமிக்ஞைப் புரதமான டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஊசியைத் தொடங்கப் போகிறவருக்கானது. அந்த ஊசி தூங்கும் காசநோயை எழுப்புகிறது என்பது 2001இலேயே தெரியவந்தது. அதற்குப் பின் ரொறன்ரோவிலோ பாரிஸிலோ சூரிச்சிலோ இதைக் கேட்காமல் எந்த வைத்தியரும் அந்த மருந்தைத் தொடங்குவதில்லை.

ஆகவே ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். புங்குடுதீவிலிருந்து 1991இல் புறப்பட்டுக் கனடாவில் குடியேறிய ஒருவருக்கு மூட்டுவாதம். மருந்துக்கு முன் குருதி எடுக்கிறார்கள், விடை 'ஆம்'. சில மாதம் தடுப்பு மாத்திரை, பிறகு மருந்து, வேலைக்கும் திரும்பிவிடுகிறார். ஊரிலேயே தங்கிவிட்ட அவருடைய தம்பிக்கும் அதே தாய் வயிறு, அதே கிணற்றடி, அதே இடப்பெயர்வு. அவருக்கு அந்தக் கேள்வி கேட்கப்படுமா? கேட்கப்பட்டாலும் விடை 'தீர்மானிக்க முடியவில்லை' என்று வருமா?

யுத்தமும் காசநோயும் பற்றிப் பேசும்போது மிகைப்படுத்தக் கூடாது. 1990இல் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் மண்கும்பானிலும் நடந்தவை, அதைத் தொடர்ந்து தீவகம் வெறுமையானது, 2009இல் மெனிக் பாமில் இலட்சக்கணக்கானோர் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டது ஆகிய எல்லாம் நெருக்கமும் பட்டினியும் கொண்ட காலங்கள். காசநோய் விரும்பும் காலங்கள் அவை. ஆனால் அன்று தொற்றியதுதான் இன்று நோயாக வருகிறது என்று தனி ஒருவரைக் காட்டிச் சொல்ல இந்தப் பரிசோதனையால் முடியாது. தொற்று எப்போது வந்தது என்பதை அது சொல்வதில்லை. அன்று இருபது வயதில் முகாமில் இருந்தவர் இன்று நாற்பதை எட்டுகிறார் அல்லது தாண்டிவிட்டார், நீரிழிவு வரும் வயது. நீரிழிவு காசநோய் ஆபத்தைச் சுமார் மூன்று மடங்காக்குகிறது. சொல்லக்கூடியது இவ்வளவுதான், இதுவே போதுமானது.

2023 செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் கூடிய நாடுகள், 2027க்குள் நாலரைக் கோடிப் பேருக்குத் தடுப்புச் சிகிச்சை கொடுப்பதாக உறுதி எடுத்தன. அந்த எண்ணிக்கையை அடைய யாருக்குத் தொற்று இருக்கிறது என்று தெரிய வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியது. உலகக் காசநோய்ப் பணிகளுக்குத் தனி நாடாக அதிகம் கொடுத்து வந்தது அமெரிக்காதான். பணம் சுருங்கும்போது முதலில் வெட்டப்படுவது இருமாதவர்களுக்கான பரிசோதனை. வெட்டியது உடனே எவர் கண்ணிலும் படாது.

தேவை ஆய்வுகூடமா, ஒரு பெட்டியா?

தீவகத்துக்கு ஆய்வுகூடம் கட்டித் தாருங்கள் என்று கேட்பது வழக்கமான கோரிக்கை. இந்த விடயத்தில் அது தவறான கோரிக்கை என்று நினைக்கிறேன். பிறபொருளெதிரி பூசிய ஒரு தட்டில் 96 கிண்ணங்கள். அளவுகோலுக்கான எட்டைக் கழித்தால், ஆளுக்கு நான்கு வீதம் 22 பேரைச் சோதிக்கலாம். சுமார் நாலாயிரம் பேர் வாழும் நெடுந்தீவில் ஒரு நோயாளியின் வீட்டார் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு தட்டைத் திறந்தால் மிச்சம் வீணாகும். தட்டு யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கட்டும். தீவில் நடக்க வேண்டியது அதற்கு முந்திய படி மட்டுமே.

அந்தப் படிக்குத் தேவை ஒரு மேசையில் வைக்கக்கூடிய, 37 பாகையைப் பிடித்து வைக்கும் அடைகாப்புப் பெட்டி. குருதி எடுத்த உடனேயே குழாய்களை அதற்குள் வைத்தால் பதினாறு மணித்தியாலக் கெடு முடிந்துவிடுகிறது. மறுநாள் வெளியே எடுத்த பிறகு கலங்களின் வேலை முடிந்தது, அவை இனிச் செத்தாலும் பாதகமில்லை. சுரந்த புரதம் குழாயில் இருக்கும். கையேட்டின்படியே, அடைகாத்த குழாய்களை மூன்று நாட்கள் வரை வைத்திருந்து பிறகு மையநீக்கியில் சுழற்றலாம். பிரித்தெடுத்த பிளாஸ்மாவைக் குளிரூட்டியில் 28 நாட்கள் வைத்திருக்கலாம். மூன்று நாளுக்குள் ஒரு படகாவது ஓடும். கடல் செய்வது தாமதம். தாமதத்தைத் தாங்காத படியைக் கடலுக்கு இந்தப் பக்கமே முடித்துவிட்டால், தாங்கக்கூடியது மட்டும் கடலைக் கடக்கும். வேறு வழியும் உண்டு. லிதியம் ஹெப்பாரின் குழாயில் எடுத்த குருதியை உடனே குளிர்பெட்டியில் வைத்தால் 48 மணித்தியாலம் வரை கிடைக்கும். பிள்ளைகளுக்கான தடுப்பூசிகள் குளிர்பெட்டியில்தான் இதே கடலைத் தாண்டித் தீவுக்கு வருகின்றன. போன பெட்டி வெறுமையாகத் திரும்ப வேண்டும் என்று யார் சொன்னது?

பெட்டிக்கு மின்சாரம் வேண்டும், இரவு முழுக்க. இங்குதான் ஒரு குருதிக் குழாய் இந்து சமுத்திர அரசியலில் போய் முட்டுகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையமைப்போடு இணைக்கப்படாதவை, டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியவை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் சூரியகலமும் காற்றாலையும் அமைக்கும் திட்டம் 2021 ஜனவரியில் சீனக் கூட்டு நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. இராமேஸ்வரத்துக்கு இவ்வளவு கிட்ட சீன நிறுவனமா என்று இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் திட்டம் நின்றது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு உடன்படிக்கை வந்தது. 2024 மார்ச்சில், 1.1 கோடி அமெரிக்க டொலர் இந்திய நன்கொடையில், பெங்களூருவின் யூ-சோலார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. சூரியகலம் 1,700 கிலோவாற், காற்றாலை 530 கிலோவாற், கூடவே மின்கலச் சேமிப்பு. மூன்று ஆண்டுகளாக இரண்டு வல்லரசுகள் இழுபட்டது எங்கள் தீவுகளின் மின்குமிழுக்காக. அந்த வாதங்களில் நெடுந்தீவு வைத்தியசாலையின் குளிரூட்டியைப் பற்றி எவரும் பேசியதாக நான் வாசிக்கவில்லை. 2022இல் நாடு முழுவதும் டீசலுக்கு வரிசையில் நின்றபோது, படகும் டீசலில், விளக்கும் டீசலில் என்றிருந்த தீவார் என்ன பட்டிருப்பார்கள் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்று தீவில் ஒருவருக்கு அவசரம் என்றால் பல வேளைகளில் கடற்படைப் படகுதான் ஏற்றிச் செல்கிறது. உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 1985 மே 15இல் குமுதினிப் படகில் இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டதையும், செய்தவர்கள் கடற்படையினர் என்று தப்பியவர்கள் சாட்சியம் சொன்னதையும் அறிந்த ஊர் அது. நெஞ்சுவலி என்றால் எந்தப் படகிலும் ஏறுவார்கள். அறிகுறியே இல்லாத ஒரு தொற்றைச் சோதிக்க, யாருடைய படகை எந்த நேரத்தில் கேட்பது என்ற யோசனையோடு எவரும் வீட்டை விட்டுப் புறப்படமாட்டார்கள். மாதிரிதான் போக வேண்டும், ஆள் அல்ல.

சொல்லப்போனால் பிறபொருளெதிரியே தேவைப்படாத ஒரு வழியும் வந்துவிட்டது. அதே ஈசாட்-6, சிஎஃப்பி-10 புரதங்களைத் தோலுக்குள் ஊசியாகப் போடும் புதிய தோல் பரிசோதனைகளை 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அவற்றில் ஒன்றான சை-டிபி, பூனாவின் சீரம் நிறுவனத்திலிருந்து வருகிறது. பிசிஜி அதைக் குழப்பாது. ஆய்வுகூடம் வேண்டாம், அடைகாப்புப் பெட்டியும் வேண்டாம். இரண்டு மூன்று நாளில் வீக்கத்தை அளக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். தீவில் தங்கி வேலை செய்யும் தாதியோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ அதைச் செய்யலாம். திரும்பி வருவது மன்ரூவின் குறை என்று மேலே எழுதினேன். திரும்பி வர வேண்டிய இடம் யாழ்ப்பாணம் என்றால்தான் அது குறை. அடுத்த ஒழுங்கையில் இருக்கும் வைத்தியசாலை என்றால் அல்ல. என் கணிப்பில், நோயாளியின் வீட்டாரைச் சோதிக்கத் தீவுகளுக்கு இதுவே பொருத்தம். சுத்திகரிப்பு நோயாளிகளும் நிர்ப்பீடன மருந்து எடுப்போரும் எப்படியும் யாழ்ப்பாணம் வருகிறவர்கள். அவர்களுக்கு நான்கு குழாய்ப் பரிசோதனை அங்கேயே நடக்கட்டும்.

இது புதுமையான யோசனை அல்ல. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், 1959இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மருந்தை ஒழுங்காகக் கொடுத்தால், நெரிசலான ஏழை வீட்டில் இருந்து குணமாகிறவரும் சனட்டோரியத்தில் நல்ல சாப்பாட்டோடு படுத்திருப்பவரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைகிறார்கள் என்றும், வீட்டிலுள்ளவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்றும் அது காட்டியது. நோயாளியை வைத்தியசாலைக்கு இழுப்பதை விட்டு மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோகும் முறை உலகெங்கும் பரவியது அதன் பிறகுதான். தமிழ் நகரம் ஒன்று, ஏழைகளின் வீட்டை அளவுகோலாக வைத்து, உலகத்தின் மருத்துவத்தை மாற்றியது.

வட மாகாண சுகாதாரத் திணைக்களத்திடமும் தேசிய காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்திடமும் கேட்க வேண்டிய கேள்விகள் மிகச் சிறியவை. நெடுந்தீவில், நயினாதீவில், அனலைதீவில் ஒரு நோயாளி பதிவானால் அவருடைய வீட்டார் எத்தனை பேர் எத்தனை நாளுக்குள் சோதிக்கப்படுகிறார்கள்? அவர்களில் எத்தனை பேருக்கு முடிவு கையில் கிடைக்கிறது? புதிய தோல் ஊசி இலங்கைக்கு எப்போது வரும், வந்தால் முதல் குப்பி ஊர்காவற்றுறைக்கு அப்பால் போகுமா? பிரதேச அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் இவற்றை எழுப்ப ஒரு உறுப்பினர் போதும். எழுத்தில் பதில் கேட்டு வாங்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்தே இருக்கிறது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம்.